எக்ஸெல் நிமிடமும் அம்மா நிமிடமும்: டிஸ்னி வேர்ல்டில் நான்கு நாள்

முந்தின நாள் இரவு

ஹோட்டல் அறையில் எல்லாரும் தூங்கியாயிற்று. நான் மட்டும் லேப்டாப்பும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேன். நாளை மேஜிக் கிங்டம், அப்புறம் எப்காட், அனிமல் கிங்டம், ஹாலிவுட் ஸ்டுடியோஸ் என்று நாளுக்கு ஒரு பூங்கா. டிஸ்னி வேர்ல்ட் என்று ஒரே பேரில் சொல்லிவிடுகிறோம். அமெரிக்காவின் புளோரிடாவில், ஓர்லாண்டோ பக்கத்தில் கிட்டத்தட்ட 100 சதுர கிலோமீட்டர் நிலம் அது. ஒரு பூங்காவிலிருந்து இன்னொன்றுக்குப் போவது பக்கத்து ஊருக்குப் போகிற மாதிரி.

வருகிறவர்கள் எல்லாரும் எந்த ரைடில் எவ்வளவு நேரம் வரிசை என்று பார்த்துவிட்டு வருகிறார்கள். ஒரு ரைடிலிருந்து அடுத்த ரைடுக்கு நடக்க எத்தனை நிமிடம் என்று பார்த்து வருகிறவர் குறைவு. அந்தக் குறைவானவர்களில் நான் ஒருவன் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. ஒரு மாதமாக ராத்திரி ராத்திரி சாட்டிலைட் படத்தைத் திறந்து, பாதையின் ஒவ்வொரு வளைவிலும் புள்ளி வைத்து அளந்தேன். பூங்காக்காரர்கள் தருகிற வரைபடம் இதற்கு ஆகாது. பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அது ஓவியம். கோட்டையும் மலையும் பெரிதாக, நடுவில் இருக்கிற நடைபாதை சுண்டுவிரல் நீளத்துக்கு இருக்கும். நேர்கோடு போட்டு அளப்பதும் தப்பு. மேஜிக் கிங்டத்தின் ஒரு கோடியில் இருக்கும் ஸ்பேஸ் மவுண்டன் ரைடுக்கும் மறு கோடியில் இருக்கும் டியானாஸ் பேயு அட்வென்ச்சருக்கும் காகம் பறந்தால் 700 மீட்டருக்குள் வரும். நாம் நடந்தால் 800-ஐத் தாண்டிவிடும்.

தூரம் கிடைத்துவிட்டது, இனி வேகம். பாதசாரிகளைப் பற்றிய ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் எண் நொடிக்கு 1.34 மீட்டர். நிமிடத்துக்கு 80 என்று வைத்துக்கொண்டேன். எக்ஸெலில் போட்டு வகுத்தால் நிமிடம் வந்துவிடுகிறது. அதை வைத்து எந்த ரைடு முதலில், எது பின்னால் என்று வரிசைப்படுத்த வேண்டும். 10 ரைடுக்கு 36,28,800 விதமான வரிசை இருக்கிறது என்று மனைவியிடம் சொன்னேன்.

"அதுல ஏதாவது ஒண்ணுல போனா போதுங்க. லைட்டை அணைங்க."

முதல் நாள்: மேஜிக் கிங்டம்

காரை நிறுத்தியது 7.20. பூங்கா வாசலில் டிக்கெட்டைத் தட்டியது 8.03. நடுவில் போன 43 நிமிடம் என் எக்ஸெலில் இல்லவே இல்லை. மேஜிக் கிங்டத்தின் கார் நிறுத்துமிடம் ஏரிக்கு இந்தக் கரை, பூங்கா அந்தக் கரை. காரிலிருந்து டிராம், அப்புறம் பாதுகாப்புச் சோதனை, அப்புறம் மோனோரயிலோ படகோ பிடித்துப் போக வேண்டும். நான் என்ன செய்திருந்தேன் என்றால் கணக்கையே வாசலிலிருந்து தொடங்கியிருந்தேன். கார் நின்ற வரிசையின் பெயர்ப்பலகையைப் போட்டோ எடுத்து வைத்தது ஒன்றுதான் காலையில் உருப்படியாகச் செய்தது.

உள்ளே போனதும் மெயின் ஸ்ட்ரீட், அதன் கோடியில் கோட்டை. 189 அடி. மேலே போகப் போக அளவைச் சுருக்கிக் கட்டியிருப்பதால் இருப்பதைவிட உயரமாகத் தெரிகிறது. கடைத்தெருவின் மாடிகளிலும் இதே வேலைதான். தூரத்திலிருந்தே ஆளை இழுக்கிற இந்த மாதிரிப் பொருளுக்கு 'வீனி' என்று பெயர் வைத்திருந்தாராம் வால்ட் டிஸ்னி. நன்றாகத்தான் இழுக்கிறது. என் மகள் தள்ளுவண்டியிலிருந்து குதித்து ஓடிவிட்டாள். ஆக, இங்கே "அதோ தெரியுதே, அஞ்சு நிமிஷம்தான்" என்று கண்ணால் மட்டுக்கட்டுவது வேலைக்காகாது. கண்ணை ஏமாற்றுவதற்கென்றே கட்டிய இடம்.

கொடிக்கம்பத்திலிருந்து கோட்டைக்கு முன்னால் இருக்கும் வட்டம் வரை அம்மாவுக்குத் தெரியாமல் போனில் ஸ்டாப்வாட்சைத் தட்டினேன். அம்மாவுக்கு 68 வயது. முட்டிக்கு பெல்ட் போட்டிருக்கிறாள். சமதளத்தில், காலைக் குளிர்ச்சியில், இன்னும் களைக்காத காலோடு நிமிடத்துக்கு 55 மீட்டர். அமெரிக்காவின் சாலை சிக்னல் விதிநூலில், பாதசாரி நொடிக்கு 4 அடி நடப்பார் என்று இருந்ததை 2009-இல் 3.5 அடியாகக் குறைத்தார்கள். அதுவே நிமிடத்துக்கு 64 மீட்டர் ஆகிறது. அம்மா அதற்கும் கீழே. எண்பது என்று நான் போட்டிருந்தது தனியாக, கைவீசிக்கொண்டு நடக்கிற ஒருவனுடைய வேகம். அப்படி ஒருவன் எங்கள் நாலு பேரில் இல்லை, என்னையும் சேர்த்துத்தான். நான் தள்ளுவண்டி தள்ளுகிறேன்.

சரி, வேகத்தைத்தானே மாற்ற வேண்டும் என்று நடந்துகொண்டே போனில் 80-ஐ 55 ஆக்கினேன். அப்போதும் உதைத்தது.

செவன் ட்வார்ஃப்ஸ் மைன் டிரெயினிலிருந்து வின்னி த பூ. இரண்டும் எதிரெதிர் மாதிரிதான், மிஞ்சினால் 100 மீட்டர். புதுக் கணக்குப்படி 2 நிமிடம். ஆனது 8. என்ன நடந்தது என்று சொல்கிறேன். ரைடு வெளியே விடுகிற இடம் வேறு, ஏறின இடம் வேறு. இறங்கினதும் மகளுக்குத் தலைமுடி கலைந்துவிட்டது. கட்ட வேண்டும். நிழலில் உட்கார்ந்திருந்த அம்மாவைக் கூப்பிட வேண்டும். அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்மணியிடம் பேசிக்கொண்டிருந்தாள், பாஷை தெரியாமலே. அதை முடிக்க வேண்டும். அப்புறம் தள்ளுவண்டியைத் தேட வேண்டும். விட்ட இடத்தில் அது இருக்காது. ஊழியர்கள் வந்து வண்டிகளை எல்லாம் ஒழுங்காக வரிசை கட்டி அடுக்கிவிடுவார்கள். ஒரே மாதிரி நாற்பது சாம்பல் நிற வண்டிகள் நிற்கும். மனைவி தன் ஆரஞ்சு துப்பட்டாவைக் கைப்பிடியில் கட்டினாள். அதற்கப்புறம் அந்தத் தேடல் அரை நிமிடத்தில் முடிந்தது.

வின்னி த பூவிலிருந்து ஸ்பேஸ் மவுண்டன் 350 மீட்டர், 6 நிமிடம் என்று போட்டிருந்தேன், ஆனது 12. அங்கே இன்னொரு பாடம். ரைடு வாசலைத் தொட்டதோடு நடை முடிவதில்லை. ஸ்பேஸ் மவுண்டன் இருக்கும் கட்டடம் பூங்காவைச் சுற்றி ஓடும் ரயில் பாதைக்கு அந்தப்பக்கம். வரிசை அந்தத் தண்டவாளத்துக்கு அடியில், ஒரு நீளமான சுரங்கம் வழியாகப் போகிறது. காசு கட்டிக் குறுவரிசை வாங்கியிருந்தாலும் அந்தச் சுரங்கத்தை நடந்துதான் ஆக வேண்டும்.

அங்கிருந்து டியானாஸ் பேயுவுக்குப் போவதுதான் நாளின் பெரிய பயணம். லைட்னிங் லேன் என்று காசு கட்டி வாங்கும் குறுவரிசைக்கு ஒரு மணி நேர அவகாசம் தருவார்கள். எங்களுடையது 3.20-க்கு முடிகிறது. நாங்கள் கிளம்பியது 2.50. 850 மீட்டர். சாவகாசமாகப் போகலாம் என்று நினைத்தேன். பிற்பகல் ஊர்வலம் என் நினைவிலேயே இல்லை. அது தொடங்குவதே நாங்கள் போக வேண்டிய ஃபிரான்டியர்லேண்டில். அங்கிருந்து கோட்டை வட்டத்துக்கு வந்து மெயின் ஸ்ட்ரீட் வழியாகப் போகிறது. அதாவது என் எக்ஸெலின் பாதையில், எதிர்த்திசையில். கயிறு கட்டிவிட்டார்கள். இரண்டு அலங்கார ஊர்திகளுக்கு நடுவில் இடைவெளி வந்ததும் ஊழியர் கயிற்றைத் தூக்கி ஒரு கூட்டத்தை விட்டார். அந்தக் காத்திருப்பு 7 நிமிடம். டிராகன் ஒன்று நெருப்புக் கக்கிக்கொண்டு போனதை எல்லாரும் ஆவென்று பார்த்தார்கள். நான் வாட்சைப் பார்த்தேன். 3.18-க்கு வாசலைத் தட்டினோம்.

டியானாவில் நனைந்த சாக்ஸோடு பைரேட்ஸ் ரைடுக்கு நடந்ததை எழுத வேண்டாம். 200 மீட்டர்தான். ஈரச் சாக்ஸுக்கென்று தனி வேகம் இருக்கிறது.

ராத்திரி வாணவேடிக்கை முடிந்து வெளியே வருவதும் அப்படித்தான். ஒரு சதுர மீட்டரில் ஒரு ஆளுக்குக் குறைவாக இருக்கிற வரைக்கும் நம் நடை நம் கையில் இருக்கும். மூன்று நான்கு பேர் ஆகிவிட்டால் அது நடை இல்லை, ஊர்தல். மெயின் ஸ்ட்ரீட் முழுக்க ஊர்ந்தோம்.

அறைக்கு வந்து இன்றைக்கு எடுத்த போட்டோக்களின் நேரத்தை எடுத்துப் பார்த்தேன். ரைடிலிருந்து வெளியே வந்த போட்டோ, அடுத்த வாசலில் எடுத்த போட்டோ, இரண்டுக்கும் நடுவில் எத்தனை நிமிடம் என்று. ஊர்வலம், ஈரச் சாக்ஸ் மாதிரியான விபத்துகளைக் கழித்துவிட்டேன். மிச்சத்தில் ஒன்று பளிச்சென்று தெரிந்தது. தூரம் எவ்வளவாக இருந்தாலும் சுமார் 6 நிமிடம் எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டு வருகிறது. 100 மீட்டருக்கும் ஆறு, 850 மீட்டருக்கும் ஆறு. முடி கட்டுகிற, ஆள் சேர்க்கிற, பாத்ரூம் கேட்கிற, வண்டி தேடுகிற ஆறு. அதற்கு மேல்தான் 55 மீட்டருக்கு ஒரு நிமிடம்.

அப்படியானால் ஒரு மாதமாக நான் மீட்டரைக் குறைக்கப் பாடுபட்டதே வீண். குறைக்க வேண்டியது கிளம்புகிற தடவைகளை. பத்து தடவை எழுந்து கிளம்பினால் ஒரு அடி நடக்காமலே ஒரு மணி நேரம் போய்விடும்.

இரண்டாம் நாள்: எப்காட்

எப்காட் என்ற பெயருக்கு ஒரு கேலி விரிவாக்கம் உண்டு: எவ்ரி பெர்சன் கம்ஸ் அவுட் டயர்ட். வருகிறவன் எல்லாம் களைத்துத்தான் வெளியே போவான். சும்மா சொல்லவில்லை. பரப்பில் மேஜிக் கிங்டத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. முன்பாதியில் அந்தப் பெரிய வெள்ளிப் பந்து, ஸ்பேஸ்ஷிப் எர்த், அதைச் சுற்றி ரைடுகள். பின்பாதியில் ஒரு ஏரி, அதன் கரையைச் சுற்றி 11 நாடுகளின் அரங்குகள். மெக்சிகோவில் ஆரம்பித்து, கடிகாரம் சுற்றும் திசையில் நார்வே, சீனா, ஜெர்மனி, இத்தாலி என்று போய்க் கனடாவில் முடியும். ஏரியை ஒரு சுற்றுச் சுற்ற 1.2 மைல், கிட்டத்தட்ட 1,930 மீட்டர்.

பழைய எக்ஸெல்படி அந்தச் சுற்று 24 நிமிடம். இன்றைய எக்ஸெல்படி நடை மட்டும் 35. அதோடு நாட்டுக்கு ஒரு ஆறு நிமிடம். பதினொன்றையும் ஆறையும் பெருக்கி, கூட்டி, 1 மணி 41 நிமிடம் என்று காலையிலேயே அறிவித்தேன். மனைவி ஒன்றும் சொல்லாமல் அதைப் போனில் குறித்துக்கொண்டாள். அவள் இப்படிக் குறித்துக்கொண்டால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

காலையில் முன்பாதி. கார்டியன்ஸ் ரைடு, டெஸ்ட் டிராக் இரண்டையும் ஒரே கிளம்பலாக வைத்துக்கொண்டு முடித்தோம். இரண்டும் அம்மாவுக்கு ஆகாது. அம்மாவை ஒரு இடத்தில் உட்காரவைத்துவிட்டு இரண்டையும் முடித்துக்கொண்டு வந்து கூட்டிப்போனோம். ஆள் சேர்க்கிற நேரம் ஒரு தடவைதான் செலவானது. இது வேலை செய்தது, பதிவு செய்கிறேன்.

கோட்டை விட்டது மத்தியானம். இரண்டு லைட்னிங் லேன் கையில். ஒன்று நார்வேயில் ஃப்ரோசன் ரைடு, இன்னொன்று ஃபிரான்ஸில் ரெமி ரைடு. பூங்கா வரைபடத்தில் நார்வே இடப்பக்கம், ஃபிரான்ஸ் வலப்பக்கம், நடுவில் நீலமாகத் தண்ணீர், கட்டைவிரல் வைத்தால் மறைந்துவிடும். நடுவில் தண்ணீர் என்பதுதான் விஷயமே. மெக்சிகோ, முன் மைதானம், கனடா, பிரிட்டன் என்று கரையைச் சுற்றித்தான் போக வேண்டும். கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர். அதிலும் ரெமி கரையோரத்தில் இல்லை. ஃபிரான்ஸுக்குள் நுழைந்து, இன்னும் பின்னால், உள்ளே போனால்தான் வாசல். 2021-இல் சேர்த்த ரைடு, இடம் இருந்த இடத்தில்தானே கட்ட முடியும்.

ஏரியின் குறுக்கே படகு ஓடுகிறது. மகளுக்குப் படகு வேண்டும். படகு வருகிற வரைக்கும் காத்திருந்து, ஏறி, அந்தப் பக்கம் இறங்கி மறுபடி நடக்க வேண்டும் என்று சொன்னேன். காலுக்கு நல்லது, கடிகாரத்துக்கு நல்லதில்லை. அம்மா இதைக் கேட்டுவிட்டு, "எனக்குக் காலுக்கு நல்லது போதும்டா" என்றாள். அம்மாவும் மனைவியும் படகுத்துறைக்குப் போனார்கள். நானும் மகளும் நடந்தோம்.

நானும் அவளும் மட்டும் நடப்பது இதுதான் முதல் தடவை. பாட்டி இல்லை, வண்டி இல்லை, ஆறு நிமிடத்தில் பாதி மிச்சம் என்று நினைத்தேன். கனடா பூச்செடிகளின் விளிம்பில் ஒரு குட்டி ஓணான். புளோரிடாவில் இது எங்கு பார்த்தாலும் இருக்கிறது, விரல் நீளம், பழுப்பு நிறம். கழுத்துக்கு அடியில் இருக்கும் தோலைத் திடீரென்று சிவப்பாக விசிறி மாதிரி விரித்துக் காட்டியது. அவ்வளவுதான். மகள் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். அது விரிக்க, இவள் "ஒண்ணு" என்று எண்ண, அது தலையை இரண்டு தடவை ஆட்டிவிட்டு மறுபடி விரிக்க, இவள் "ரெண்டு". பதினேழு வரைக்கும் எண்ணினாள். நான் கையைப் பிடித்து இழுத்தால், "இருப்பா, அது இன்னும் முடிக்கலை."

ஃபிரான்ஸ் வாசலில் மனைவியும் அம்மாவும் எங்களுக்கு முன்னாலேயே நின்றுகொண்டிருந்தார்கள். மொராக்கோவில் படகு இறக்கிவிட்டதாம். பக்கத்து நாடுதானே, நடந்து வந்துவிட்டார்களாம்.

நாடு சுற்றுவதை அப்புறம் முடித்தோம். 1 மணி 41 நிமிடம் என்று அறிவித்தது ஆனது 3 மணி 10 நிமிடம். மனைவி போனைத் திறந்து காட்டினாள், ஒன்றும் பேசவில்லை. என் தப்பு எங்கே என்று யோசித்தேன். ரைடுக்கு ஒரு வாசல். நாட்டுக்கு அப்படி இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு முற்றம், முற்றத்துக்குள் ஒரு கடை, கடைக்குப் பின்னால் ஒரு குளம். ஜப்பானில் அம்மா குளத்து மீனைப் பார்த்து அரை மணி நேரம் நின்றாள். அது நடையா, இருப்பா? எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல் எக்ஸெலில் 'ஓணான்' என்று ஒரு புதுப் பத்தி சேர்த்தேன்.

மூன்றாம் நாள்: அனிமல் கிங்டம்

இன்றைக்குச் சுருக்கமாகத்தான் எழுதுவேன், கால் வலி.

மேஜிக் கிங்டத்தில் கண்ணை இழுக்கக் கோட்டை இருக்கிறது. இங்கே பார்வையையே மறைத்துவிடுகிறார்கள். பாதைகள் எல்லாம் வளைவு, இரண்டு பக்கமும் அடர்த்தியான செடிகொடி. அடுத்த திருப்பத்துக்கு அப்பால் என்ன என்று தெரியாது. காட்டுக்குள் போகிற உணர்வு வர வேண்டும் என்று வேண்டுமென்றே செய்தது. நன்றாகவும் இருக்கிறது. ஆனால் எவ்வளவு தூரம் வந்தோம், இன்னும் எவ்வளவு என்ற நிதானம் போய்விடுகிறது. மகள் ஒரு நிமிடத்துக்கு ஒரு தடவை "வந்துடுச்சா?" என்று கேட்டது மற்ற பூங்காக்களில் இல்லாதது. எவரெஸ்ட் ரைடின் மலை 199.5 அடிதான். 200 அடியைத் தொட்டால் விமானங்களுக்காக உச்சியில் சிவப்பு விளக்கு போட வேண்டியிருக்கும் என்பதால் அதற்கு அரை அடி முன்னாலேயே நிறுத்திவிட்டார்கள். பார்த்தால் எங்கேயோ தொலைவில் பனிமூடி நிற்கிற மாதிரி இருக்கும். போனால் வந்துவிடும்.

ஒன்று மட்டும் சாமர்த்தியமாகச் செய்தேன். இந்தப் பூங்காவின் நடுவில் ஒரு தீவு, அதில் 145 அடி உயர மரம். பார்க்கிறவர்கள் ஒவ்வொரு பகுதிக்கும் போய்விட்டு நடுத்தீவுக்கே திரும்பி வந்து அடுத்த பாலத்தில் ஏறுகிறார்கள். தேவையில்லை. ஆப்பிரிக்கா என்கிற பகுதியிலிருந்து பண்டோரா பகுதிக்கு நேராக ஒரு வழி இருக்கிறது, ஆசியாவுக்கும் பின்பக்கமாக ஒரு வழி இருக்கிறது. காலை சஃபாரியை முடித்துவிட்டு அந்த வழியில் பண்டோரா போனோம். எங்களோடு நடந்தவர்கள் மொத்தம் பத்துப் பேர் இருந்தால் அதிகம். கூட்டமில்லாத சுற்றுவழி கூட்டமான நேர்வழியைவிட வேகம் என்பதற்கு என்னிடம் போட்டோ நேரம் இருக்கிறது, கேட்டால் காட்டுவேன்.

ஃப்ளைட் ஆஃப் பாசேஜ் ரைடுக்கு 44 அங்குலம் உயரம் வேண்டும். மகள் இரண்டு விரல் தாண்டியிருக்கிறாள். அளவுகோலில் நிற்கும்போது ஒரு தடவைக்கு மூன்று தடவை நிமிர்ந்து நின்றாள்.

இரண்டரை மணிக்கு இடி. ஜூன் மாதத்துப் புளோரிடாவில் மத்தியான இடிமழை என்பது தினசரி காலண்டர் மாதிரி. இடி இடித்தால் திறந்தவெளி ரைடுகளை நிறுத்திவைப்பார்கள். அங்கே நிற்கிறவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கூரை தேடிக் கிளம்புவார்கள். அந்த நேரத்தில் எந்த எக்ஸெலும் செல்லாது. ஒரு கூரையிலிருந்து அடுத்த கூரை எத்தனை எட்டு என்பதுதான் ஒரே அளவு. ஒரு தாழ்வாரத்தின் கீழ் முக்கால் மணி நேரம் நின்றோம். அம்மா சுவரோரமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்து முட்டி பெல்ட்டைக் கழற்றினாள். முட்டி வீங்கியிருந்தது. பெல்ட் பதிந்த கோடு தோலில் சிவப்பாக இருந்தது.

"ஏம்மா சொல்லலை?"

"நீ ஏதோ எண்ணிக்கிட்டே வந்தே. நடுவுல பேசினா தப்பாயிடும்னு விட்டுட்டேன்."

நாளைக்கு வீல்சேர் எடுத்துவிடலாம் என்று மனைவி சொன்னாள். முதல் நாளே சொன்னவள்தான். அன்றைக்கு அம்மா, "எனக்கு என்ன கையா காலா போச்சு" என்று மறுத்துவிட்டாள். இன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் பெல்ட்டைச் சுருட்டிப் பையில் போட்டாள்.

நான்காம் நாள்: ஹாலிவுட் ஸ்டுடியோஸ்

வாசலுக்குப் பக்கத்திலேயே வீல்சேர் வாடகைக்குத் தருகிறார்கள். உட்காரவைத்துத் தள்ளினால் நிமிடத்துக்கு 70 மீட்டர் வருகிறது, நான் மூச்சு வாங்காமல் இருந்தால். மூன்று நாளாக எங்கள் வேகத்தைத் தீர்மானித்தவள் அம்மா. இன்றைக்கு மகள். ஓணான் இந்தப் பூங்காவிலும் இருக்கிறது.

இங்கே நடு வட்டம் என்று ஒன்று கிடையாது. தெருக்கள் இஷ்டத்துக்குப் பிரிகின்றன. அதில் சன்செட் புல்வார்டு ஒரு முட்டுச்சந்து. அதன் கோடியில்தான் டவர் ஆஃப் டெரர், பக்கத்தில் ராக் அண்ட் ரோலர் கோஸ்டர். போன வழியேதான் திரும்பி வர வேண்டும். முட்டுச்சந்துக்கு ஒரே தடவைதான் போக வேண்டும் என்று எக்ஸெலில் சிவப்பு மையில் எழுதியிருந்தேன். டவரில் மேலேயிருந்து விழுந்து விழுந்து வயிறு எல்லாம் மேலே வந்து, அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்து, எழுந்து, தெருமுனைக்கு வந்து, டாய் ஸ்டோரி லேண்டுக்குப் பாதி தூரம் போன பிறகு மனைவி கேட்டாள்.

"பாப்பா தொப்பி எங்கே?"

முட்டுச்சந்தின் கோடியில், பெஞ்சின் மேல்.

நான் மட்டும் போய் எடுத்துக்கொண்டு வந்தேன். போகவர 9 நிமிடம், கைவீசிக்கொண்டு. நிமிடத்துக்கு 80 மீட்டரை நான் எட்டியது இந்தப் பயணத்தில் அந்த ஒரு தடவைதான்.

மற்றபடி இன்றைக்கு ஐந்தே கிளம்பல். டாய் ஸ்டோரி லேண்டில் ஸ்லிங்க்கி டாக் ரைடு, அதை ஒட்டிய வழியாகவே கேலக்ஸிஸ் எட்ஜ் பகுதி, அங்கே ரைஸ் ஆஃப் த ரெசிஸ்டன்ஸ் ரைடு. இரண்டு பகுதிகளும் ஒன்றுக்குள் ஒன்று திறக்கின்றன, பெரிய தெருவுக்குத் திரும்பி வரவே வேண்டாம். வேண்டுமென்றே இரண்டு ரைடை விட்டுவிட்டோம். யாருக்கும் குறையாகத் தெரியவில்லை. எனக்குக் கொஞ்சம் தெரிந்தது.

சாயங்காலம் எப்காட்டுக்குப் போய் ஏரியில் வாணவேடிக்கை பார்ப்பதாகத் திட்டம். ஒரே நாளில் பூங்கா மாறிப் போக ஹாப்பர் டிக்கெட் இருக்கிறது. ஹாலிவுட் ஸ்டுடியோஸிலிருந்து எப்காட்டின் பின்வாசலுக்கு நடைபாதை உண்டு. கால்வாய் ஓரமாகப் போய், ஸ்வான், டால்ஃபின் ஹோட்டல்களைத் தாண்டி, போர்டுவாக் வழியாக, சுமார் 2 கிலோமீட்டர். இன்னொரு வழி ஸ்கைலைனர் என்கிற கம்பிவட வண்டி. அது நேராகப் போவதில்லை. நடுவில் கரீபியன் பீச் நிலையத்தில் இறங்கி வேறு வண்டி மாற வேண்டும். வாடகை வீல்சேரைப் பூங்கா வாசலிலேயே திருப்பிக் கொடுத்துவிட வேண்டியிருந்தது. அம்மா நடக்க முடியாது. ஆகவே அம்மாவும் மனைவியும் ஸ்கைலைனர். எனக்கும் மகளுக்கும் நடை.

"யார் முதல்லன்னு பார்ப்போமா?" என்று மகள் கேட்டாள். பாட்டி சரி என்று தலையாட்டினாள்.

நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். அவர்களுக்கு வரிசை, முதல் வண்டி, இறங்கி மாற, இரண்டாவது வண்டி. பாட்டி படிக்கட்டில் நின்று நிதானித்து ஏற வேண்டாம், பிளாட்பாரம் சமதளம்தான், ஆனாலும் வண்டி மாறும்போது அந்த ஆறு நிமிடம் வரும். எங்களுக்கு நிற்காமல் நடந்தால், மகளின் வேகம் நிமிடத்துக்கு 65 என்று வைத்தாலும், 31 நிமிடம். கிட்டத்தட்டச் சமம். ஓடவும் செய்யலாம்.

முதல் பத்து நிமிடம் நன்றாகவே போனோம். கால்வாயில் ஒரு ஆமை தலையை நீட்டியது. மூன்று நிமிடம். போர்டுவாக்கின் மரப்பலகைத் தரையில் காலடி எப்படிச் சத்தம் போடுகிறது என்று குதித்துக் குதித்துப் பார்த்தாள். இரண்டு நிமிடம். அதற்குப் பிறகு கைப்பிடிச் சுவரில் ஒரு ஓணான். வால் இல்லாதது. வால் எங்கே போனது, மறுபடி முளைக்குமா, வலிக்குமா என்று மகளிடமிருந்து எனக்குக் கேள்வி. முளைக்கும் என்றேன். எவ்வளவு நாளில் என்றாள். நான் வாட்சைப் பார்க்கவில்லை என்று சொன்னால் பொய்.

எப்காட் பின்வாசலுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது 44 நிமிடம் ஆகியிருந்தது. வாசலுக்கு முன்னால் ஒரு பெஞ்ச். அம்மா செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மனைவி தண்ணீர் பாட்டிலை மூடிக்கொண்டிருந்தாள். வந்து ரொம்ப நேரம் ஆகியிருக்க வேண்டும்.

அம்மா மகளை இழுத்து மடியில் உட்காரவைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"எத்தனைன்னு போட்டிருந்தே?"

"முப்பத்தொண்ணு."

"பரவால்லை, உட்காரு. வாணவேடிக்கைக்கு இன்னும் நேரம் இருக்கு."